இல்லக் கணக்கு: வாசலுக்கு ஒரு கார் – புதியதா, பழையதா?



வளைகுடாவில் உழைக்கும் பிள்ளை நாற்பது நாள் விடுப்பில் ஊர் வருகிறான் என்றால், அவன் வந்திறங்கும் முன்பே வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. மாடியில் ஓர் அறை, தங்கைக்கு ஒரு வளையல், மதில் சுவருக்கு ஒரு பூச்சு என்று அது நீண்டுகொண்டே போகும். அண்மை ஆண்டுகளில் அந்தப் பட்டியலின் முதல் வரியில் வந்து அமர்ந்திருப்பது கார்.

என் மூத்த சகோதரியின் மகனும் அப்படித்தான் வந்தான். பதினோர் ஆண்டுகள் துபாயில் உழைத்தவன். வீட்டுச் செலவு, தங்கையின் திருமணம் எல்லாம் போக அவன் கையில் சேர்ந்திருந்த தொகை 12 லட்சம் ரூபாய். மூத்த மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குச் செல்ல இருக்கிறாள். என் லாத்தாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாதம் ஒரு முறையேனும் மதுரைக்குச் சென்று மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பேருந்தில் ஏற இயலாது. வாடகைக் கார் ஒவ்வொரு முறையும் கையைக் கடிக்கிறது.

"இருக்கிறதைப் போட்டு, குறையிறதுக்குக் கடன் வாங்கிப் புதுக் காரே எடுத்துடலாம் மாமா. பழைய காரை நம்ப முடியாது" என்றான் முதல் நாள்.

மூன்றாம் நாள் ஓடி வந்தான். "பழைய கார் ஒண்ணு அருமையாக் கிடைச்சிருக்கு மாமா. விலை பாதிதான். நாளைக்கே முன்பணம் கொடுத்துடலாமா?"

இரண்டு நாள்களில் இரண்டு எதிரெதிர் முடிவுகள். இரண்டிலும் ஒரே குறைதான் இருந்தது. அவன் காரைப் பார்த்தானே தவிர, தன் வீட்டைப் பார்க்கவில்லை. அன்று அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கையும், பின்னர் நாங்கள் கார் பார்க்க அலைந்ததில் கற்றதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வீட்டை அளப்போம்

கார் வாங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். யார் ஓட்டப் போகிறார்கள்? யார் உட்காரப் போகிறார்கள்? ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? எங்கே நிறுத்துவது?

குடும்பத் தலைவர் ஆண்டில் பதினொரு மாதம் அயல்நாட்டில் இருக்கிறார். வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது என்றால், அந்தக் கார் பெரும்பாலும் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். ஓடாமல் நிற்கும் காருக்குத் தனி நோய்கள் உண்டு. மின்கலம் இறங்கிவிடும், டயர்கள் ஒரே இடத்தில் அழுந்திப் போகும், எலிகள் பானட்டுக்குள் புகுந்து ஒயர்களைக் கடிக்கும். அத்தகைய வீட்டிற்குத் தேவைப்படும்போது வாடகைக் கார் எடுப்பதே சிக்கனம் என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல வேளையாக, எங்கள் மருமகள் சென்ற ஆண்டே ஓட்டுநர் உரிமம் பெற்றிருந்தாள். ஆகவே காருக்கு உண்மையான தேவையும் இருந்தது; அதை ஓட்ட ஆளும் இருந்தது.

அடுத்தது, எந்த வகைக் கார் என்ற கேள்வி. ஐந்து பேர் அமர்ந்து, பெட்டிகளைத் தனியே டிக்கியில் வைத்து, நெடுஞ்சாலையில் அலுப்பின்றிச் செல்ல நடுத்தர செடான் ஏற்றது. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, மாருதி சியாஸ், ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஆகியவை இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றின் நீளம் ஏறக்குறைய நாலரை மீட்டர். டிக்கியின் கொள்ளளவு 500 லிட்டருக்குச் சற்று மேல். விமான நிலையத்திலிருந்து அட்டைப் பெட்டிகளோடு வரும் நம் குடும்பங்களுக்கு அந்த டிக்கியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் செடானில் இருக்கை தாழ்வானது. நல்ல கால் உள்ளவர்க்கு அது ஒரு பொருட்டன்று. மூட்டு வலி உள்ளவர்க்கு அதுவே எல்லாம். எனவே, யாருக்காகக் கார் வாங்குகிறோமோ அவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். லாத்தாவை நாங்கள் மூன்று கார்களின் பின் இருக்கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ஒன்றில் ஏறுவது எளிதாக இருந்தது. இறங்கும்போது கதவின் மேல்விளிம்பு தலையில் இடித்தது. மற்றொன்றில் இருக்கை மிகவும் தாழ்ந்திருந்தது. கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. மூன்றாவது கார் சிட்டி. அதில் கதவு அகலத் திறந்தது. கால்களை முதலில் வெளியே வைத்துவிட்டுத் தாமாகவே எழுந்து நின்றார்கள். "இது சரி வரும் தம்பி" என்றார்கள். எந்த விளம்பரமும் சொல்லாத செய்தி அது.

ஒரே மாதிரிக் கார் எல்லா உடலுக்கும் பொருந்தாது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வேறொன்று பொருந்தலாம். செடானே பொருந்தாமல் சற்று உயரமான சிறிய கார் வசதியாக இருக்கலாம். ஏற்றி இறக்கிப் பாராமல் முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசலையும் தெரு முனையையும் அளந்து பார்ப்பதும் நல்லது. நம் ஊர்களின் பழைய சந்துகள் நாலரை மீட்டர் காரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை அல்ல.

விலை வேறு, செலவு வேறு

இனி பணக் கணக்கு. காரின் விலை ஒன்று. அதை வைத்திருப்பதற்கான செலவு மற்றொன்று. நம்மில் பலர் முதலாவதைப் பேரம் பேசுகிறோம். இரண்டாவதை எண்ணிப் பார்ப்பதேயில்லை.

ஷோரூம் விலை 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த விலைக்குள்ளேயே சரக்கு மற்றும் சேவை வரி அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்திற்குட்பட்ட சிறிய எஞ்சின் கார்களுக்கு அந்த வரி 18 விழுக்காடு. நாலரை மீட்டர் செடானுக்கு 40 விழுக்காடு. இதற்குமேல் தமிழக அரசின் வாழ்நாள் சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 10 லட்சத்திற்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு அது 18 விழுக்காடு. அதாவது 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். காப்பீடு, பதிவு முதலியவற்றுக்கு ஓர் 60 ஆயிரம் என்று கொண்டால், கார் வாசலுக்கு வரும்போது ஏறத்தாழ 14 லட்சத்து 75 ஆயிரம் ஆகிவிடுகிறது.

ஐந்தாண்டு கழித்து அதன் மதிப்பு என்ன? காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணை ஒன்று உண்டு. ஓராண்டு முடியும்போதே 15 விழுக்காடு; மூன்றாம் ஆண்டில் 30; ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு கழிக்கப்படும். அந்தக் கணக்கில் நம் கார் 6 லட்சம். சந்தையில் 6 லட்சத்து 50 ஆயிரத்திற்குப் போகிறது என்றே வைத்தாலும், ஐந்தாண்டில் கரைந்தது 8 லட்சத்து 25 ஆயிரம்.

அதே வகைக் காரை ஐந்து வயதில் 6 லட்சத்து 50 ஆயிரத்திற்கு வாங்கி, டயர், மின்கலம், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று 1 லட்சத்து 25 ஆயிரம் செலவிட்டு, பத்து வயதில் 3 லட்சத்திற்கு விற்றால், கரைவது 4 லட்சத்து 75 ஆயிரம். வேறுபாடு 3 லட்சத்து 50 ஆயிரம்.

பெட்ரோல் செலவு இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்து, லிட்டர் விலை 100 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 67 ஆயிரம் ரூபாய்.

இவை கணக்கின் போக்கைக் காட்டும் மாதிரி எண்கள். உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். என் மருமகன் பென்சிலை வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். புதியது என்றால் 12 லட்சமும் போய், மேலும் ஏறத்தாழ மூன்று லட்சத்திற்கு வட்டிக் கடன். பழையது என்றால் கடனே இல்லை. 4 லட்சத்திற்கு மேல் கையில் மிஞ்சும். "அது ராபியா காலேஜுக்கு ஆகும் மாமா" என்றான். வட்டி வேண்டாம் என்பதை லாத்தா முன்பே ஒரே சொல்லில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அதற்காகப் புதிய கார் வாங்குவோர் எல்லாம் தவறு செய்கிறார்கள் என்பதன்று. ஒரே காரைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்திருப்பவர், ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர், பழுது பார்க்க அலைய வீட்டில் ஆள் இல்லாதவர், கடனின்றி வாங்க வசதியுள்ளவர் ஆகியோருக்குப் புதியது பொருந்தும். அவர்கள் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. மொத்த விலையை ஒரே எண்ணாகப் பெறாமல் வரி, காப்பீடு, அலங்காரப் பொருள் என்று தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். ஷோரூமிலேயே காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியிலும் விசாரிக்கலாம். கார் எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று கேளுங்கள். சென்ற ஆண்டில் தயாராகித் தேங்கி நின்றதை இந்த ஆண்டின் விலைக்கு வாங்காதீர்கள். பதிவு செய்யுமுன் காரைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

பளபளத்த கார்

மருமகன் கண்டுபிடித்த "அருமையான" காருக்கு வருகிறேன். 2019 மாடல், வெள்ளை நிறம். ஓடியது 38 ஆயிரம் கிலோமீட்டர்தான் என்றார் தரகர். உள்ளே புதிய விரிப்பு, புதிய இருக்கை உறை, மூக்கைத் துளைக்கும் நறுமணம். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. முன் இருக்கையின் சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழம் மட்டும் பழுப்பேறி, மண் வாடை வீசியது. பிறகு டிக்கியின் விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரம் இருக்கும் பள்ளத்தில் விரலை விட்டார். உலர்ந்த சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துரு.

"வெள்ளத்துல நின்ன வண்டி இது" என்றார் மெல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியது. 2015 டிசம்பரிலும் சென்னை அந்தத் துயரைக் கண்டது. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பிறகும் நீரில் நின்ற கார்களில் ஒரு பகுதி கழுவித் துடைக்கப்பட்டு, வேறு மாவட்டங்களின் சந்தைக்கு வந்து சேர்கிறது. வெள்ளம் புகுந்த கார் உடனே நின்றுவிடாது. ஆறு மாதம், ஓராண்டு கழித்து ஒயர் இணைப்புகள் பச்சை பூத்து, ஒவ்வொரு மின்கருவியாகச் செயலிழக்கும். ஏர்பேக்கை இயக்கும் கருவியும் அவற்றுள் ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள்.

தரகரிடம் கேட்டோம். "எனக்குத் தெரியாதே பாய்" என்றார். தெரிந்திருந்ததா இல்லையா என்பது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலானது. நாங்கள் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

பழைய காரைப் பார்க்கும் முறை

அந்த மெக்கானிக்கிடம் அன்று கேட்டறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் செல்லுங்கள். நாம் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஐயப்படுங்கள். குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். கரும்புகை வந்தால் எரிபொருள் அளவு மீறிச் செல்கிறது. வெண்புகை சிறிது நேரத்தில் மறைந்தால் அது வெறும் நீராவி. சூடான பிறகும் தொடர்ந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் பால் ஆடை போல் வெளுத்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடலாம்.

விபத்துக்குள்ளான கார் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். பானட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் சாவி போட்ட தழும்பு இருந்தால், அது கழற்றப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்புக் குறி இருக்கும்; ஒன்று மட்டும் மாறுபட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இரும்புத் தகட்டின்மேல் பட்டி பூசிய இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. சிறு கீறலும் நசுங்கலும் இருப்பது குற்றமன்று. சட்டமும் தூண்களும் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால்தான் ஆபத்து.

கிலோமீட்டர் காட்டும் எண்ணை மாற்றி வைப்பது கடினமான வேலையன்று. பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகி, ஸ்டியரிங்கின் தோல் தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு அமுங்கியிருக்கும் கார் 38 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் நம்பாதீர்கள். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து, பழைய சர்வீஸ் விவரங்களைக் கேட்டுப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம். தடம் ஆழமாக இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த டயரை மாற்றிவிடுவதே நல்லது. அதன் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாக ஓட்டாதீர்கள். குடும்பத்தில் நால்வரை ஏற்றி, ஏ.சி.யை முழுதாக வைத்து, வேகத்தடைகளும் ஒரு மேம்பாலமும் உள்ள வழியில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பாரத்தோடு தடையைக் கடக்கும்போது அடி தட்டுகிறதா, சமதளச் சாலையில் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் போட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். தானியங்கி கியர் உள்ள கார் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதன் பழுது செலவு மிக்கது.

டீசல் கார் மைலேஜ் கொடுக்கும் என்று ஆசைப்படுவோர்க்கு ஒரு சொல். இந்தப் பிரிவில் புதிய டீசல் கார்கள் 2023-ஓடு நின்றுவிட்டன. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. அது தூய்மையாக, கார் அவ்வப்போது நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் மட்டும் போய்வரும் காருக்கு அது தொல்லை. பெட்ரோல் காரிலும் ஒன்றைக் கேட்டறியுங்கள். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானவை அதைத் தாங்கும் பாகங்களோடு வந்தன. அதற்கு முந்திய காரில் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் பாகங்களையும் சோதித்துவிட வேண்டும்.

உயிருக்கு உத்தரவாதம் யார்?

சிக்கனம் பேசும்போது உயிரை மறந்துவிடலாகாது. எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் என்பது 2021-இல்தான் வந்தது. அதற்கு முந்திய கார் என்றால், அந்தக் குறிப்பிட்ட காரில் இவை உள்ளனவா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

மோதல் சோதனையின் நட்சத்திர மதிப்பும் கவனிக்கத் தக்கது. குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் ஸ்லாவியாவும் வெர்ட்டஸும் 2023 ஏப்ரலிலும், வெர்னா அதே ஆண்டு அக்டோபரிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. நான்காம் தலைமுறை சிட்டி 2022-இல் நான்கு பெற்றது. ஒரு தலைமுறைக் காரின் மதிப்பு, அதே பெயர்கொண்ட பழைய தலைமுறைக்குப் பொருந்தாது என்பதை மறவாதீர்கள்.

திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் பார்க்க வேண்டும். டக்காட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் பாகம் வெடித்துச் சிதறும் அபாயம் கொண்டது என்று தெரிந்ததும், பல சிட்டி கார்களை ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் அழைத்து, அந்தப் பாகத்தைக் கட்டணமின்றி மாற்றித் தந்தது. நீங்கள் வாங்கும் காரில் இத்தகைய மாற்றம் நடந்துவிட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே கேட்டறியலாம்.

பின் இருக்கையில் பெல்ட் போடும் பழக்கம் நம்மிடம் இல்லை. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விலையுயர்ந்த காரின் பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் பயணம் செய்து உயிரிழந்தார். பழைய காரில் பின் இருக்கை பெல்ட்டுகள் பலநேரம் இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். வெளியே எடுத்து, ஒவ்வொன்றும் பூட்டுகிறதா என்று பாருங்கள். குழந்தையை மடியில் வைத்து முன்னே அமர்வது அன்பின் அடையாளமன்று.

பெயர் மாறும்வரை வேலை முடியவில்லை

பணம் கைமாறியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவது பெரும் பிழை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா, வங்கிக் கடன் நிலுவை உள்ளதா, போக்குவரத்து அபராதங்கள் பாக்கி உள்ளனவா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30. கடன் தீர்ந்ததைப் பதிய படிவம் 35. வேறு மாநிலக் கார் என்றால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28. வேறு மாநிலக் காருக்குத் தமிழகத்தில் மீண்டும் சாலை வரி கட்ட நேரும்; விலை மலிவு என்று வாங்கியவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

விற்பவருக்கும் இது முக்கியம். விற்ற பிறகும் பதிவேட்டில் பெயர் மாறாமல் இருந்து, அந்தக் கார் விபத்தில் சிக்கினால், இழப்பீட்டிற்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறும் நம் சகோதரர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராததற்கான சலுகை காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. விற்றவரின் சலுகை வாங்கியவருக்கு வராது.

வாசலுக்கு வந்த கார்

எல்லாம் சொல்லி முடித்தபின் மருமகன் கேட்டான்: "இவ்வளவும் பார்த்து வாங்குற மாதிரி ஒரு கார் கிடைக்குமா மாமா?"

கிடைத்தது, ஆனால் விடுப்பு முடிய எட்டு நாள் இருக்கும்போதுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் கார். நான்காம் தலைமுறை சிட்டி, பெட்ரோல், ஐந்து வயது, 52 ஆயிரம் கிலோமீட்டர். சர்வீஸ் ரசீதுகளை ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் எதையும் கேட்குமுன் அவரே எங்களைப் பின்பக்கம் அழைத்துச் சென்றார். "இடது பின் கதவு ஒரு தடவை லாரி உரசி நசுங்கினது. அடிச்சு எடுத்து வண்ணம் பூசியிருக்கு. கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் வரும். அதுக்கு மேல தாங்காது. இதெல்லாம் பார்த்துத்தான் விலை சொல்றேன்" என்றார். மெக்கானிக் சோதித்துவிட்டு, அவர் சொன்னதைத் தவிர வேறு குறை எதுவும் தமக்குத் தென்படவில்லை என்றார்.

பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். அன்று அதைச் செய்து காட்டியவர் நம் சமுதாயத்தவர் அல்லர். என் மருமகன் விலையை ஒரு முறைக்கு மேல் குறைத்துக் கேட்கவில்லை. 6 லட்சத்து 40 ஆயிரத்திற்கு முடிந்தது. படிவங்களில் இருவரும் நேரில் கையொப்பமிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகே முழுப் பணமும் கைமாறியது. பதிவு மருமகள் பெயரில். மறுவாரம் அவன் துபாய்க்குத் திரும்பினான். விமான நிலையம்வரை ஓட்டிச் சென்றவள் அவள்தான்.

சென்ற வாரம் லாத்தாவோடு நானும் மதுரைக்குச் சென்று வந்தேன். மருத்துவமனை வாசலில் கார் நின்றதும், கைகொடுக்க நான் இறங்கிப் பின் கதவுக்கு வருவதற்குள், அவர்கள் தாமே கால்களை வெளியே வைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். இடது பின் கதவு. வண்ணம் சற்று மாறியிருக்கும் அதே கதவு.

அடுத்த ஆண்டு கிளட்ச் மாற்ற வேண்டும். அதற்கான தொகையை மருமகள் மாதாமாதம் தனியே எடுத்து வைக்கிறாள். இன்ஷா அல்லாஹ், ராபியாவின் கல்லூரிக் கட்டணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது.